சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாப்பிள்ளை

என் அருமை அப்பாவுக்கு, உங்கள் வாயாடி மகள் மெர்சி எழுதிக்கொள்வது.

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வேளாவேளைக்குச் சாப்பாடும் கூடவே வசவும் கிடைத்துவிடும். இங்கே எல்லோரும் சுகம். காற்றுக்காலம் ஆரம்பித்துவிட்டது. உப்பளத்துப் பக்கமிருந்து வீசுகிற காற்றில் மாடி அறைக் கதவு படார் படாரென்று அடிக்கிறது. நீங்கள் மடித்து வைத்த அட்டைத் துண்டைத்தான் இன்னும் அதில் செருகிக்கொண்டிருக்கிறோம். தச்சரைக் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன் என்று உங்களைப் போலவே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் நினைவு நாளுக்கு சபைப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே ஒரு வசனம் போடலாமா என்று கேட்டார்கள். படம் வேண்டாம், ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இதைச் சபையே படிக்கும். படிக்கட்டும். நம் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்காமல் இருந்தால் நல்லதுதானே?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உயிலில் ஒரு ஓட்டை இருந்தது, அப்பா.

‘ஏளா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?’ என்று கேட்டுக்கொண்டே நீங்கள் கண்ணாடியைத் தேடுவது எனக்குத் தெரிகிறது. ஹார்பரில் டாலி கிளார்க்காக நின்று, கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளைக் கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணியவர் நீங்கள். ஒரு மூட்டை விட்டுப்போனது என்று உங்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் எழுதின உயிலில் ஓட்டை என்றால் யார்தான் நம்புவார்கள்? நானும் முதலில் நம்பவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் எழுந்து, அலமாரியில் இருந்து அந்தத் தாளை எடுத்து, ஆலயத்தில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தீர்கள். சாத்தான்குளத்துச் செம்மணல் தேரியில் இருக்கிற பனை நிலம் மூத்தவன் ஜெயசிங்குக்கு. நாம் குடியிருக்கிற இந்த வீடு மகள் மெர்சிக்கு. வீடு மகனுக்கு, நகை மகளுக்கு என்று எழுதுவதுதான் நம் ஆட்களில் வழக்கம். நீங்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டீர்கள். அம்மா படுத்த படுக்கையான பிறகு கூடவே இருந்து பார்த்தவள் நான் என்பது உங்கள் கணக்கு. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே மீன் முள்ளை எடுத்தான். “நல்லதுப்பா” என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் நம் ஆலயத்து உபதேசியார் வந்தார். உயிலில் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். அவர் ஒருவர். அப்போது நீங்கள் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. “பங்கு வாங்குறவ இங்கன நிக்கப்படாது, அடுக்களைக்குப் போ” என்று என்னை விரட்டினீர்கள். அண்ணனை மக்ரூன் வாங்கி வரச் சொல்லி கடைக்கு அனுப்பினீர்கள். அன்றைக்கு எந்தக் கடை திறந்திருந்தது? “நாளைக்கு எவனும் வந்து, பிள்ளைங்க கையப் புடிச்சி எழுத வச்சிட்டாவன்னு சொல்லிரப்படாது” என்று உபதேசியாரிடம் விளக்கம் வேறு. சொத்து வாங்குகிறவர் சாட்சி போடக் கூடாது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான், “மொத சாட்சி நம்ம மாப்பிள்ளைதான் போடணும். அதுதான மொற” என்றீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை உள்ளே போய் முழுக்கைச் சட்டை மாட்டி, தலைவாரிக்கொண்டு வந்து பொன்ராஜ் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார். அடுக்களைக் கதவிடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

படிக்கிறவர்களுக்கு நம் வீட்டு மாப்பிள்ளை மரியாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தபோது, கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிற என் வீட்டுக்காரரையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாதே என்று அப்பாவுக்குப் பெரிய கவலை. அதனால் அன்றிலிருந்து அவர் இந்த வீட்டில் தினமும் விருந்தாளி. சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. அவர் உட்காராமல் யாரும் உட்காரக் கூடாது. தண்ணீர் கேட்டால் சொம்பு போகும், அவர் எழுந்து வரக் கூடாது. ஆலயத்து அசன விருந்தில் பந்திக்குக்கூட அவரை அப்பாவே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். மோட்டார் போட, கேஸ் மாற்ற, ஒட்டடை அடிக்க எல்லாம் அப்பாதான். மாப்பிள்ளை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அவரும் சும்மா சொல்லக் கூடாது, மரியாதை ஒரு இம்மி குறைந்தால் முகம் ஒரு முழம் நீளும்.

நீங்கள் போன பிறகு, வீட்டுப் பட்டாவை என் பெயருக்கு மாற்றலாம் என்று போன மாதம் எஸ்தர் அக்காவிடம் போனேன். எஸ்தர் அக்கா என்றால் நம் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிற வக்கீல் அக்காதான். உங்கள் இறப்புச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, உயில் எல்லாவற்றையும் உங்களைப் போலவே வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன்.

“வெள்ளத்தாளுலயா எழுதியிருக்காவ?” என்று அக்கா கேட்டார்.

“ஆமாக்கா. ரிஜிஸ்டரும் பண்ணல. செல்லாதோ?”

“அதெல்லாம் செல்லும். முத்திரத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்ல. பண்ணினா நல்லது, அவ்வளவுதான். புத்தி தெளிவா இருக்கும்போது, யாரும் மெரட்டாம, ரெண்டு சாட்சி பாக்கக் கையெழுத்துப் போட்டிருக்கணும், அந்த ரெண்டு பேரும் போட்டிருக்கணும். அது போதும்.”

“புரோபேட்டுன்னு ஒண்ணு வாங்கணும்னு யாரோ சொன்னாவளே?”

“கோர்ட்டு உயிலப் பார்த்து, இது உண்மையான உயில்தான்னு சான்று குடுக்கும். அதுதான் புரோபேட்டு. மெட்ராஸ்ல அதைப் பெருசா பேசுவாவ. இங்கன நம்ம ஆள்களுக்கு அது கட்டாயம் இல்ல. யாராவது உயில் பொய்யின்னு வழக்குப் போட்டாத்தான் தலவலி.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. பேங்க் விஷயத்தையும் கேட்டுவிடலாம் என்று, உங்கள் கணக்கில் நாமினியாக என் பெயர்தான் இருக்கிறது, அப்படியானால் அது எனக்குத்தானே என்றேன். அக்கா சிரித்தார். “நாமினின்னா பேங்குல இருந்து வாங்குற கை, அம்புட்டுதான். வாங்கி உரியவங்களுக்குக் குடுக்கணும். அத உயில்ல எழுதலன்னா ஒங்க அண்ணனுக்கும் அதுல பாதி உண்டு.” சரி, அது நியாயம்தான் என்று தலையாட்டினேன். அக்கா உயிலைத் திருப்பிக் கடைசி வரிக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

“மொத சாட்சி, பொன்ராஜ். யாரு இது?”

“எங்க வீட்டுக்காரவதான் அக்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “ஏளா, ஒங்க அப்பாவுக்கு வெளியாளு ஒருத்தரும் கெடைக்கலையா?”

“வெளியாளுன்னு நெனச்சித்தான் அக்கா அவ்வொளப் போட வச்சாவ.”

அதற்கப்புறம் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் இதை மட்டுமாவது மறக்காமல் இருக்கவேண்டும். உயிலில் சாட்சி போட்டவருக்கு அந்த உயிலில் எதுவும் எழுதியிருந்தால் அது செல்லாது. சாட்சி போட்டவரின் மனைவிக்கோ கணவனுக்கோ எழுதியிருந்தாலும் செல்லாது. உயில் முழுவதும் கெட்டுப்போகாது, அந்த ஒரு பங்கு மட்டும் விழுந்துவிடும். இந்துக் குடும்பங்களுக்கு இந்த விதி கிடையாதாம், நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு உண்டாம். அண்ணனுக்கு எழுதின தேரி நிலம் அண்ணனுக்கே. எனக்கு எழுதின வீடு, எழுதாதது போலத்தான்.

“அப்போ வீடு யாருக்கு?”

“உயில் இல்லாமச் செத்தா எப்படியோ அப்படி. அம்மா இருந்தா மூணுல ஒரு பங்கு அவங்களுக்கு. அவங்களும் இல்ல. பிள்ளைய ரெண்டு பேரு, ஆணு பொண்ணுன்னு வித்தியாசம் கெடையாது, ஆளுக்குப் பாதி.”

முன் ஹாலில் இருபது வருஷமாக நான் நடத்துகிற டியூஷன், உங்கள் பேத்தி, என் மகள் ஷைனி படிக்கிற மேஜை, அம்மா படுத்திருந்த கட்டில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. பாதி வீட்டில் எப்படிக் குடியிருப்பது? அண்ணன் விற்றுப் பங்கு கொடு என்றால் நான் எங்கே போவேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கேள்வியும் கேட்டேன். “யாராச்சும் கண்டுபுடிப்பாவளா அக்கா?”

அக்கா கோபப்படவில்லை. “பட்டா மாத்தும்போது ஒருத்தரும் பாக்காமக்கூடப் போவலாம். என்னைக்காவது வீட்ட பேங்குல வைக்கப் போனாலோ, விக்கப் போனாலோ, என்னப் போல ஒரு ஆளு சாட்சி பேரையும் பாப்பான், ஒன் ஆதார்ல ஒன் புருஷன் பேரையும் பாப்பான். அன்னைக்கு ஒங்க அண்ணன் கேப்பான், நீ தெரிஞ்சிதான செஞ்சன்னு. அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?”

வீட்டுக்கு வந்து உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர்மேல் கோபமாகத்தான் சொன்னேன். மரியாதை, மரியாதை என்று நின்ற மனிதர் ஒரு கையெழுத்தில் வீட்டைக் கவிழ்த்துவிட்டாரே! அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, “ஒரு ஆளாவது சொல்லிட்டானே” என்றார்.

“என்னத்த?”

“நானும் இந்த வீட்டு ஆளுதான்னு. நீயும் நானும் ஒண்ணுன்னு சட்டம் சொல்லுதுல்லா. இந்த வீட்டுல வேற யாரு சொன்னா?”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே மேலே சொன்னார்.

“ஒங்க அப்பாவக் கொற சொல்லல. தங்கமான மனுசன். ஆனா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘ஏலே பொன்ராஜூ, அந்த மோட்டாரப் போடுலே’ன்னு சொல்லியிருக்காவளா? நான் தூக்கப் போனா அந்த மனுசன் மொதல்ல ஓடி வந்து சிலிண்டரத் தூக்குவாரு. எனக்கு எப்பவும் நடுத்துண்டுதான். நடுத்துண்டத் தின்னு தின்னு எனக்கு வெறுத்துப்போச்சு மெர்சி.”

நீங்கள் இதைக் கேட்டிருக்கவேண்டும், அப்பா. முகம் நீண்டதெல்லாம் மரியாதை குறைந்ததற்காக என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். பாதி நாள் அது வேறு எதற்கோ நீண்டிருக்கிறது. நம் முறைக்கு அவர் வெளியாள், சட்டத்துக்கு உள்ளாள். நீங்கள் நம் முறையைப் பார்த்தீர்கள், சட்டத்தை விட்டுவிட்டீர்கள். நான் சிரித்தேன், அழவும் செய்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று நினைவில்லை.

மறுநாள் காலையிலேயே சென்னைக்கு, அண்ணனுக்கு போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, அப்பா உயில்ல வீடு எனக்குன்னு எழுதினது செல்லாதாம். இவ்வொ சாட்சி போட்டது தப்பாப் போச்சு. வீட்டுல பாதி ஒனக்கு” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். “சரி, லீவு போட்டுட்டு வாரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அந்த வாரம் எனக்குப் போன விதம் எனக்குத்தான் தெரியும். டியூஷன் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டாலும் சரி என்று டிக் அடித்தேன். சும்மா இருந்தவனைக் கூப்பிட்டுச் சொன்னோமே என்று ஒரு நேரம் இருக்கும். சொல்லாமல் இருந்திருந்தால் உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியுமா என்று இன்னொரு நேரம் இருக்கும். அண்ணன் மனைவி மைனிக்கு போன் போட்டுத் துப்புத் துலக்கலாம் என்று பார்த்தேன். “எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல மெர்சி. ஒழுங்கா சாப்பிடவும் இல்ல” என்றாள். அது எனக்கு இன்னும் பயத்தைக் கூட்டியது.

சனிக்கிழமை அண்ணன் முத்துநகர் ரயிலில் வந்து இறங்கினான். ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பையைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு காப்பி குடித்தான். “எப்படி இருக்கிய மாப்ள?” என்று கேட்டான். “நல்லா இருக்கேன் மச்சான்” என்று இவர் சொன்னார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அப்போது மாடியில் கதவு படாரென்று அடித்தது. அண்ணன் எழுந்து விறுவிறுவென்று மேலே போனான். நானும் பின்னாலேயே போனேன். அவன் கதவைத் தள்ளி, மேலே நிலைச்சட்டத்தின்மேல் கையை விட்டு, பார்க்காமலேயே அந்த அட்டைத் துண்டை எடுத்துச் செருகினான். கதவு நின்றது.

அந்த அறையில்தான் அவன் கல்லூரி முடிக்கும்வரை படித்தான். ஜன்னலில் நின்றால் ஹார்பர் கிரேன் தெரியும். இப்போது அங்கே டியூஷன் பெஞ்சுகளும் பழைய வினாத்தாள் கட்டுகளும்தான் கிடக்கின்றன.

“என் கட்டிலு எங்க?”

“கழத்திப் பரண்ல போட்டிருக்கு.” எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, ஒன் பாதிய நான் மறைக்கல. எப்படிப் பிரிக்கணும்னு நீயே சொல்லிரு. இப்படி வாயத் தொறக்காம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.”

“ஏளா, நான் ஒங்கிட்ட வீடு கேட்டனா?”

“பின்ன ஏன் போன்ல ஒரு வார்த்த பேசல?”

அவன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். “அப்பா உயில் வாசிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. வீடு போச்சேன்னு இல்ல. நீ பாத்த பாட்டுக்கு இன்னும் ரெண்டு வீடு எழுதலாம். ஆனா இனிம நான் தூத்துக்குடிக்கு வந்தா எங்க வந்து எறங்குவேன்? மாப்ள வீட்டுக்கு வரணும். நல்லா இருக்கியளான்னு கேக்கணும். குடுத்த காப்பியக் குடிச்சிட்டு, எப்பக் கெளம்புதன்னு நீங்க கேக்குதுக்கு முன்னால கெளம்பிரணும். நீ போன்ல பாதி ஒனக்குன்னு சொன்னதும் எனக்குச் சந்தோசம் வந்துட்டு பாத்துக்க. தங்கச்சி வீட்டுல பங்கு கெடைக்குன்னு சந்தோசப்படுதமேன்னு வெக்கமாவும் இருந்துச்சு. அதான் வாய் வரல.”

அப்பா, பிறந்த வீட்டுக்கே விருந்தாளியாக வருவது என்னவென்று எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசில் இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், பானையில் இருந்து நானே தண்ணீர் மொண்டு குடிக்கலாமா, யாராவது தரும்வரை இருக்கவேண்டுமா என்று யோசித்துக்கொண்டு நின்றவள் நான். பெண்ணாய்ப் பிறந்த எல்லோருக்கும் அது நடக்கிறது, நாமும் பழகிக்கொள்கிறோம். ஆணுக்கும் அது நடக்கலாம், அவனுக்கும் வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியதா? அண்ணனை நினைத்தும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் என்ன என்று உங்கள்மேலும் கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டு பேரும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதோம். கீழே இவர் இருமுகிற சத்தம் கேட்டது, மேலே வரலாமா வேண்டாமா என்று.

பாதியைப் பாதியாகவே வைத்துக்கொள், சேர்ந்தே அனுபவிப்போம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. “அப்பா போட்ட கணக்குல என்னால பிசகு வரப்படாது. பத்திரத்த எழுதச் சொல்லு” என்றான். எஸ்தர் அக்கா விடுதலைப் பத்திரம் தயார் செய்தார். வீட்டில் தனக்கு இருக்கிற பாதி உரிமையை அண்ணன் எனக்கு விட்டுக்கொடுக்கிறான் என்று பத்திரம். உயிலைப் போல இதை அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது, பதிவு செய்தே ஆகவேண்டும்.

ரிஜிஸ்டர் ஆபீசில் எங்கள் முறை வந்தது. “சாட்சி ரெண்டு பேரு வாங்க” என்று உள்ளே இருந்து குரல் வந்ததும், பழக்க தோஷத்தில் உங்கள் மாப்பிள்ளை சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எப்பா! நீங்க உக்காருங்க!” என்று அண்ணன், நான், எஸ்தர் அக்கா மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஆபீசே திரும்பிப் பார்த்தது. இந்தப் பத்திரத்துக்கு அவர் போட்டால் தப்பில்லையாம், அக்கா பிறகு சொன்னார். ஆனாலும் யாருக்குத் தைரியம் வரும்? அவருக்கு முகம் நீளும் என்று பார்த்தேன். நீளவில்லை. “சவத்த விடுங்க, எனக்கு இனிமே எங்கயும் சாட்சிக் கையெழுத்தே வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். உபதேசியாரும் அக்காவின் குமாஸ்தாவும் சாட்சி போட்டார்கள். வீடு நீங்கள் எழுதினபடியே எனக்கு வந்துவிட்டது, அப்பா.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தோம். புன்னைக்காயலில் இருந்து வந்த சீலா, நல்ல சதை. நான் வழக்கம்போல நடுத்துண்டை எடுத்து இவர் இலைக்குக் கொண்டு போனேன். இவர் எழுந்தார். என் கையில் இருந்த சட்டியை வாங்கினார். “நீயும் உக்காரு” என்றார். முதல் தடவையாக உங்கள் மாப்பிள்ளை இந்த வீட்டில் பரிமாறினார். நடுத்துண்டு அண்ணன் இலைக்குப் போனது. எனக்கு ஒரு வால்துண்டும், தனக்கு ஒரு வால்துண்டும் வைத்துக்கொண்டு குழம்பைத் தரையெல்லாம் சிந்தினார். துணியை எடுத்துத் துடைத்ததும் அவர்தான். அண்ணன் தண்ணீருக்குக் கேட்கவில்லை. அவனே அடுக்களைக்குப் போய், அவனுடைய பழைய எவர்சில்வர் டம்ளரைத் தேடிப்பிடித்து மொண்டுகொண்டு வந்தான்.

சாப்பாடு நடக்கும்போது நான் சொன்னேன், நாமும் காலாகாலத்தில் உயில் எழுதிவிடவேண்டும் என்று. வீடு எனக்கப்புறம் ஷைனிக்கு. எழுதினாலும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்று எஸ்தர் அக்கா சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை சாட்சி விஷயத்தில் தப்பு நடக்கக் கூடாது.

“அண்ணே, நீதான் எங்கிட்ட பங்கு ஒண்ணும் வாங்கப்போறதில்லையே. ஒரு சாட்சி நீ போட்டிரு.”

அண்ணன் முள்ளை எடுத்துக்கொண்டே, “மாட்டேன்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. “ஏன்? தங்கச்சிக்கு ஒரு கையெழுத்துப் போட மாட்டியா?”

“போட்டா எனக்கு எழுதினது செல்லாமப் போயிரும்லா.”

“ஒனக்கு நான் என்னத்த எழுதப்போறேன்?”

அண்ணன் நிமிர்ந்து மேலே, மாடியைப் பார்த்தான். “அந்த ரூமு” என்றான்.

இலையில் இருந்து யாரும் கையை எடுக்கவில்லை. யாரும் சாப்பிடவும் இல்லை. இவர்தான் முதலில் எழுந்தார், கையைக்கூடக் கழுவாமல் பரணுக்கு ஏணி எடுக்கப் போனார். அன்றைக்குச் சாயங்காலமே வினாத்தாள் கட்டுகளை இறக்கிவிட்டு இரண்டு பேருமாகக் கட்டிலை மாட்டிவிட்டார்கள். ஒரு காலில் மரை ஓடவில்லை. “ஏலே பொன்ராஜூ, அந்தச் சுத்தியல எடுலே” என்று அண்ணன் கத்தினான். மாப்ள என்று சொல்லவில்லை. இவர் படி இறங்கி வந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு போனபோது முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, அப்பா! பந்திக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன ஒரு நாளிலும் அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்தக் கடிதத்தின் அடியில் தானும் ஒரு கையெழுத்துப் போடட்டுமா என்று இப்போது கேட்கிறார். கிட்டவே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அப்பா, உங்களுக்கு நான் சொல்லுகிற வாக்கு இதுதான். உயில் எழுதுவேன், தள்ளிப்போட மாட்டேன். வீடு ஷைனிக்கு, அண்ணன் காலம் முழுவதும் மாடி அறை அண்ணனுக்கு என்று வாயால் சொல்லிவிட்டு விடாமல் எழுத்தில் எழுதுவேன். அண்ணனும் மைனியும் உங்கள் மாப்பிள்ளையும் ஷைனியும் நானும் அந்தத் தாளில் சாட்சியாக நிற்க மாட்டோம். இந்த வீட்டு ஆள் இல்லாத இரண்டு பேரைத் தேடிப்பிடித்துப் போட வைப்பேன். மாடிக் கதவுக்கு மட்டும் தச்சரைக் கூப்பிட மாட்டேன். அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் வந்து செருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளும்
ஜெயசிங் அண்ணனின் தங்கச்சியுமான
மெர்சி